கொசு கைவிட்ட காலாண்டு

மழை ஏமாற்றிவிட்டது என்று விவசாயி புலம்பினால் நமக்குப் புரியும். கொசு ஏமாற்றிவிட்டது என்று புலம்புகிறவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் கோட் போட்டிருப்பார்கள். பங்குச் சந்தையில் இருக்கும் மருத்துவமனை நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிட்டதும் முதலீட்டாளர்களோடு தொலைபேசிக் கூட்டம் நடத்துவது வழக்கம். படுக்கைகள் ஏன் சரியாக நிரம்பவில்லை என்று யாராவது கேட்பார். பதில் தயாராக இருக்கும். பருவகால நோய்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. டெங்கு இந்த முறை குறைவு. போதாததற்கு நடுவில் தீபாவளி வேறு வந்து தொலைத்தது, ஜனங்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். ஒருவரும் சிரிப்பதில்லை. அடுத்த காலாண்டில் நிலைமை சீரடையும் என்ற உறுதிமொழியோடு கூட்டம் கலையும். நிலைமை சீரடைவது என்றால் உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது.

கொசுவின் தரப்பையும் கேட்க வேண்டும். அதற்குச் சம்பளம் கிடையாது, போனஸ் கிடையாது, நிறுவனத்தில் பங்கும் கிடையாது. மாநகராட்சி தன்னால் ஆனதைச் செய்துதான் கொடுத்தது. சாக்கடையைத் திறந்து போட்டது, காலி மனைகளில் தண்ணீர் தேங்க விட்டது, கொசு மருந்துப் புகை வண்டியை அமைச்சர் வரும் தெருவுக்கு மட்டும் அனுப்பியது. இத்தனை உள்கட்டமைப்பு இருந்தும் கொசு இலக்கை எட்டவில்லை என்றால் அதைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டியதுதான்.

விளக்கம் கேட்கப்படும் பட்டியலில் அண்டை நாடுகளும் உண்டு. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. இந்திய விசா கிடைப்பது குதிரைக் கொம்பானது. கொல்கத்தாவிலும் சென்னையிலும் வேலூரிலும் வங்கதேச நோயாளிகள் வரத்து சரிந்தது. கணக்கு அறிக்கைகளில் இது வருமானத்தைப் பாதித்த வெளிக்காரணம் என்று பதிவானது. பாதி சிகிச்சையில் ஊருக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்ட நோயாளி என்ன ஆனான்? அதைக் கேட்பது அந்தக் கூட்டத்தின் வேலை இல்லை.

அப்படியானால் அங்கே எதைத்தான் கேட்கிறார்கள்? முதலில் ஆர்பாப். நோயாளி படுத்திருக்கும் ஒரு படுக்கை ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கிறது என்ற கணக்கு. பெரிய சங்கிலி மருத்துவமனைகளில் இது ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டியாயிற்று. நம் வீட்டில் யாரும் ஒரு நாளில் இவ்வளவு சம்பாதித்ததில்லை. நினைவில்லாமல் படுத்தால் முடிகிறது. அடுத்தது, நோயாளி எத்தனை நாள் தங்குகிறார் என்பது. இது குறையக் குறைய நல்லது. ஆபரேஷன், ஐசியு, ஸ்கேன் என்று பணம் கொட்டுவது முதல் இரண்டு மூன்று நாள்தான். அதற்குப் பிறகு அந்த ஆள் இட்லி சாப்பிட்டுக்கொண்டு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார். அவரைக் கிளப்பிவிட்டு அடுத்தவரைக் கிடத்தினால் படுக்கைக்கு மறுபடி முதல் நாள்.

மூன்றாவது, பணம் யாரிடமிருந்து வருகிறது என்பது. இங்கே நால்வருணம் அச்சு அசலாகத் திரும்பி வந்திருக்கிறது. ரொக்கமாகக் கட்டுகிறவரும் வெளிநாட்டு நோயாளியும் முதல் வருணம். சொந்தமாக இன்சூரன்ஸ் வைத்திருப்பவர் இரண்டாவது. மத்திய அரசு ஊழியர் திட்டம், ஈஎஸ்ஐ, பொதுத்துறை நிறுவனங்கள் வழியாக வருகிறவர்கள் மூன்றாவது. பில் பாஸாக மாதக்கணக்கில் ஆகும் என்பதால் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டுகிறவர் கடைசி. "அந்த ஸ்கீம்ல இப்ப பெட் இல்லைங்க" என்று அவருக்குச் சொல்லப்படும்போது அதே மாடியில் நாலு படுக்கை காலியாக இருக்கும். திட்டத்து நோயாளிகளைக் குறைத்து ரொக்க நோயாளிகளைக் கூட்டியதை நிர்வாகங்கள் முதலீட்டாளர்களிடம் சாதனையாகவே சொல்லிக்கொள்கின்றன. பங்கு விலையும் ஏறுகிறது.

என் பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனார். பெயர் எதற்கு, எல்லாப் பெயருக்கும் பொருந்தும். ஸ்ட்ரெச்சரில் அவர் "அம்மாடி அம்மாடி" என்று முனகிக்கொண்டிருக்கிறார். கவுண்டரில் இருந்த பையன் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி: "இன்சூரன்ஸா, கேஷா சார்?" எங்கே விழுந்தார் என்பது மூன்றாவது கேள்வியாக வந்தது, அதுவும் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்ததால்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கைராசிக்காரர், பாவம், அவருக்கும் டார்கெட் உண்டு என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் வைத்தியமே ஆரம்பம். ஃபைல் மருந்தகத்துக்குப் போனது. திரும்பாத மாத்திரைக்குக் கணக்கு முடித்து பில்லிங்குக்குப் போனது. அங்கிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனது. அவர்கள் ஒரு சந்தேகம் கேட்டார்கள்: எழுபது வயதுப் பெண்மணி குளியலறையில் விழுந்ததற்கு என்ன ஆதாரம்? வழுக்கிய சோப்பைக் கொண்டுவந்து காட்டவில்லை, அவ்வளவுதான். இருட்டிய பிறகு அப்ரூவல் வந்தது. அதற்குள் அறைக்கு இன்னொரு நாள் வாடகை ஏறியிருந்தது.

பில்லைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கையுறை, பக்கம் பக்கமாகக் கையுறை. நர்சிங் சார்ஜ் தனி, ஊசி போட்ட சார்ஜ் தனி; நர்ஸ் வேறு யார், ஊசி போட்டது வேறு யார் என்று கேட்கக் கூடாது. உணவு ஆலோசனை என்று ஒரு வரி. பெரியம்மா அங்கே நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு வந்து கீரை சாப்பிடுங்கன்னு சொன்னதுக்கா காசு? முருங்கைக்கீரையை எப்படி ஆயறதுன்னே அவளுக்குத் தெரியல. நான்தான்டா சொல்லிக்கொடுத்தேன். அப்ப அவதானே எனக்குக் குடுக்கணும்?"

அந்தப் பெண்ணுக்கு அந்தக் கட்டணத்திலிருந்து ஒரு பைசா போயிருக்காது. தனியார் மருத்துவமனையில் வேலை செய்யும் நர்ஸ் பெண்களின் மாதச் சம்பளத்தையும் அங்கே ஒரு படுக்கையின் ஒரு நாள் வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயிறு எரியும். அதற்கும் ஒரு பேக்கேஜ் இருக்கிறது.

சரி, இந்தப் பணம் எங்கே போகிறது? புனேயில் சஹ்யாத்ரி என்று ஒரு மருத்துவமனைக் குழுமம். 2022இல் அதை வாங்கியது கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியம். மூன்று வருடம் வைத்திருந்து, 2025இல் மணிப்பால் குழுமத்துக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. மணிப்பாலின் பெரும்பான்மைப் பங்கு 2023 முதல் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக்கிடம் இருக்கிறது. ஃபோர்டிஸின் கட்டுப்பாடு 2018இல் ஐஎச்எச் என்ற மலேசிய நிறுவனத்துக்குப் போனது. அதன் பெரும் பங்குதாரர்களில் ஒன்று மலேசிய அரசின் கசானா நிதியம். கேர் மருத்துவமனைகளை 2023இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன் வாங்கியது. அதற்கு முன்னும் அது ஒரு அமெரிக்க நிதி நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள்.

இதில் எனக்கு ஆத்திரம் வரும் இடம் வேறு. ஒன்டாரியோவில் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு மாரடைப்பு வந்தால் அரசுக் காப்பீட்டில் சிகிச்சை. மருத்துவமனையில் அவர் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை. மலேசியக் குடிமகன் அரசு மருத்துவமனையில் புறநோயாளியாக 1 ரிங்கிட் கட்டிவிட்டு டாக்டரைப் பார்க்கலாம். சிங்கப்பூரில் மருத்துவமனைப் படுக்கைகளில் பெரும்பகுதி அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. தங்கள் ஊர் நோயாளியை முழுக்க முழுக்க வியாபாரத்திடம் விட்டுவிடக் கூடாது என்பதில் மூன்று தேசங்களும் கவனமாக இருக்கின்றன. அதற்கென்றே அவர்களுக்கு ஒரு தேசம் கிடைத்திருக்கிறது. புனேயில் ஒரு சத்துணவு ஆயா தாலியை அடகு வைத்துக் கட்டும் பில்லில் ஒரு துளி, கனடாவில் ஒரு நல்ல ஆசிரியரின் பென்ஷனில் போய்ச் சேரலாம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்தே கதவைத் திறந்துவிட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மருத்துவமனைக்காரர்களைக் கேட்டால் சந்தைச் சூழல் என்பார்கள். அமைச்சர்களைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதுபோல, யாரும் கையெழுத்துப் போடாமலேயே இந்தச் சந்தை தானாக உருவாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துகள் இருக்கின்றன. 1983இல் சென்னை கிரீம்ஸ் சாலையில் அப்பல்லோ திறக்கப்பட்டபோது கார்ப்பரேட் மருத்துவமனை என்பது இந்த நாட்டுக்குப் புதுசு. 1988இல் மத்திய அரசு, வெளிநாட்டு மருத்துவக் கருவிகளைச் சுங்க வரியில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று ஓர் அறிவிக்கை போட்டது. கைம்மாறாக, புறநோயாளிகளில் 40 சதவீதம் பேருக்கு இலவச சிகிச்சை, ஏழைகளுக்கு 10 சதவீதப் படுக்கை. கருவிகள் வந்தன. ஏழைகளைத் தேடிப் பார்த்தார்கள், இந்தியாவில் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நிபந்தனையை மதிக்காத மருத்துவமனைகளின் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லியில் இந்திரபிரஸ்தா அப்பல்லோவுக்கு 15 ஏக்கர் நிலம் மாதம் 1 ரூபாய் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு படுக்கை ஏழைகளுக்கு என்பது பேச்சு. டெல்லி அரசே அதில் 26 சதவீதப் பங்குதாரர். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன தெரியுமா? ஏழைகளுக்கு இலவச சிகிச்சை தராவிட்டால் மருத்துவமனையை எய்ம்ஸிடம் ஒப்படைக்கச் சொல்வோம் என்று. ஒப்பந்தம் போட்டு ஒரு தலைமுறை கழிந்த பிறகு வந்த எச்சரிக்கை இது. இதற்கு நடுவே, 2000இல், மருத்துவமனைகளில் நூறு சதவீத அந்நிய முதலீட்டுக்கும் தானாகவே வழி திறந்துவிட்டாயிற்று.

சந்தை என்றால் போட்டி, போட்டி வந்தால் விலை இறங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பாடம் தலைகீழாகிவிடும். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத்தின் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து 2018 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. கந்துவட்டிக்காரன் காதில் விழுந்தால் கூசிப்போவான். வித்தை இதுதான். மொத்தமாக வாங்கும் மருத்துவமனை, மருந்துக் கம்பெனியிடம் விலையைக் குறைக்கச் சொல்வதோடு நிற்காமல், அட்டையில் அச்சடித்த விலையைக் கூட்டவும் சொல்கிறது. எந்தக் கம்பெனி அதிக விலை அச்சடிக்கிறதோ அதற்கே ஆர்டர். எம்ஆர்பிக்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை என்று மருத்துவமனை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம், சட்டப்படி சரி. மயங்கிக் கிடப்பவன் எழுந்து வெளியே போய் எதிர்க் கடையில் விலை விசாரிக்க மாட்டான் என்ற ஒரே உண்மையின் மேல் இத்தனை மாடிக் கட்டிடமும் நிற்கிறது.

பிரசவத்தைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் நடக்கும் பிரசவங்களில் 36 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8 சதவீதம். சிக்கலான கேஸ்களைக் கடைசி நேரத்தில் அரசு மருத்துவமனைக்குத் தள்ளிவிடுவதுதான் ஊர் வழக்கம். அப்படிப் பார்த்தால் கணக்கு மாறி இருந்திருக்க வேண்டும். ஒரே மாநிலத்துப் பெண்கள்தான், நுழைகிற கேட் மட்டும் வேறு. சுகப்பிரசவத்துக்கு டாக்டர் விடிய விடியக் காத்திருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு யாரும் பில் போட முடியாது. ஜோதிடரும் தன் பங்குக்கு நட்சத்திரம் குறித்துக் கொடுத்து உதவுகிறார்.

தெருமுனையில் ஒரு டாக்டர் தம்பதி நடத்திய நர்சிங் ஹோம் இருந்ததே, பத்துப் பதினைந்து படுக்கையோடு? மூடியாயிற்று. இன்சூரன்ஸ் பட்டியலில் சேர அங்கீகாரம் வேண்டும், அங்கீகாரத்துக்கு லட்சக்கணக்கில் செலவு, செலவுக்கு ஏற்ற கட்டணம் வாங்கினால் அந்தத் தெரு தாங்காது. அந்த டாக்டர் இப்போது பெரிய மருத்துவமனையில் கன்சல்டன்ட். மாதாமாதம் தன் எண்ணிக்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். உங்களை அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. பேசத்தான் நேரமில்லை.

அரசு மருத்துவமனைக்கும் இந்தக் காய்ச்சல் தொற்றியாயிற்று. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் அது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமானது. நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. இதய ஆபரேஷன் நடந்து பிழைத்த எத்தனையோ குழந்தைகளைக் காட்ட முடியும். ஆனால் அரசு தன் மருத்துவமனையில் தானே செய்யும் ஆபரேஷனுக்குத் தானே பிரீமியம் கட்டி, நடுவில் ஒரு கம்பெனியை உட்காரவைத்து, திரும்பத் தானே கிளெய்ம் கேட்கும் காட்சியை வள்ளுவர் காலத்து அமைச்சர்கள் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். விளைவு, அரசு வார்டிலும் இப்போது "கார்டு இருக்கா?" என்பதே முதல் விசாரிப்பு. கட்டணப் படுக்கைகளும் வந்துவிட்டன.

ஒன்றும் செய்ய முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2020 ஜூனில், கொரோனா நேரத்தில், தமிழ்நாடு அரசு ஒரே உத்தரவில் தனியார் மருத்துவமனைகளுக்கு உச்சவரம்பு போட்டது: சாதாரண வார்டுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 7,500 ரூபாய், ஐசியு 15,000. மீறிய இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விலை வைக்கும் அதிகாரம் கோட்டையில் இருக்கிறது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று விலை வைத்தது. அதுவரை லட்சத்துக்கு மேல் விற்ற சாமான். வானம் இடிந்து விழவில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியதிலிருந்து மொத்த டெண்டரில் மருந்து வாங்கி வருகிறது, சி.டி. ஸ்கேனையும் 500 ரூபாய்க்கு எடுத்துக் கொடுக்கிறது. 1976இல் மதுரையில் ஓய்வுபெற்ற ஓர் அரசு மருத்துவர், டாக்டர் ஜி. வெங்கடசாமி, 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகவில்லை என்றதும், 1992இல் ஆரோலேப் என்று தனியாக ஓர் ஆலையே போட்டு விலையை உடைத்தார்கள். அவர்களைச் சுற்றியும் இதே சந்தைதான் இருந்தது. அதற்கு அவர்கள் தலையாட்டவில்லை.

தலையாட்டுகிறவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில், 2025க்குள் அரசுகளின் மருத்துவச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாகும் என்று எழுதினார்கள். 2021-22 கணக்கில், அதாவது கொரோனா செலவுகளையும் சேர்த்து, 1.84. இந்த ஓட்டை சும்மா விழுந்ததா? அந்த வழியாகத்தான் டெமாசெக்கும் பிளாக்ஸ்டோனும் வருகிறார்கள்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கொதிக்கிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மாதாமாதம் எஸ்ஐபி கட்டுகிறீர்கள் அல்லவா? செயலியைத் திறந்து, உங்கள் மியூச்சுவல் ஃபண்ட் எந்தெந்தப் பங்குகளை வைத்திருக்கிறது என்று பாருங்கள். மருத்துவமனைப் பங்கு ஒன்று அநேகமாகத் தென்படும், பச்சை நிறத்தில், நன்றாக ஏறியிருக்கும். அதில் உங்களுக்குக் கிடைத்த லாபத்தை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில், கடைசியாக உங்கள் வீட்டுக்கு வந்த ஆஸ்பத்திரி பில்லை எழுதுங்கள். கழித்துப் பார்த்துவிட்டு, உங்கள் தொகுதி எம்.பி.யிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.